அலைக்கும் வரிசை உண்டு

(வரதராஜன்பேட்டையில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"முந்திரித் தோப்பு ஊர்ல வந்து கடல் விளையாட்டைப் பத்திப் பேசுறாரே, இவருக்கு ஊர் மாறிப்போச்சா?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது இங்கே கேட்குது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குக் கடலைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எந்த இடத்தில் மடு இருக்கிறது, எந்த மாதத்தில் அலை அடித்துத் தள்ளும், எப்போது இறங்கக் கூடாது என்பதெல்லாம் தாத்தாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் தானாகவே வந்துவிடும். நம்மைப் போல உள்நாட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. ஆனால் கடலுக்குப் போகாமலும் நாம் இருப்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றம் என்றால் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறோம். பள்ளிச் சுற்றுலா என்றால் மாமல்லபுரம். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கடலூர் சில்வர் பீச், இல்லாவிட்டால் புதுச்சேரி, பூம்புகார், தரங்கம்பாடி.

இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் பலகை மேல் நின்றுகொண்டு அலையில் சறுக்கி வருகிற வீடியோ. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். "நாமும் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமே"ன்னு தோணும். தோணட்டும். அது நல்ல விளையாட்டு, ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் அந்தக் கடற்கரையின் விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. விதிப் பலகை இல்லாத இடமாக இருந்தால், அதை வைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை குடிமக்களாகிய நமக்கு இருக்கிறது. அதை எப்படிக் கேட்பது என்பதையும் சொல்கிறேன்.

கோவளத்தில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டில் அலைச்சறுக்கு என்றால் முதலில் வரும் பெயர் கோவளம். கேரளத்துக் கோவளம் வேறு, கன்னியாகுமரி பக்கத்துக் கோவளம் வேறு. நான் சொல்வது சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் மீனவக் கிராமம்.

அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் சிறு வயதிலிருந்தே கையில் கிடைத்த பலகையை வைத்துக்கொண்டு அலையில் விளையாடியவர். பிறகு முறையாகக் கற்றுக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2012-இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி உருவானது. 2013 முதல் கடலோர விழாவும் நடந்தது. அவர் தன்னிடம் வந்த பிள்ளைகளுக்கு வைத்த முதல் விதி கடலைப் பற்றியது இல்லை. புகைக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, அலைச்சறுக்கு மட்டும்தான். அந்த ஒரு விதியே அந்த ஊர்ப் பிள்ளைகள் பலரின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. அரசாணை எதுவும் இல்லாமல் ஊரே ஏற்றுக்கொண்ட விதி அது. உள்ளூர் விதி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்று அந்தக் கரையிலிருந்து தேசியப் போட்டிகளுக்குப் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் போட்டி இந்தியாவில் முதன்முறையாக நடந்தது. நடந்த இடம் நம்ம மாமல்லபுரம். அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கம் அது.

பலகை மேல் நின்று அலையைக் கடப்பது நமக்கு வெளிநாட்டு வித்தை என்று நினைக்காதீர்கள். நாலு மரத்தைக் கட்டிக் கடலில் இறக்கி, அலை மேல் ஏறி இறங்கிப் போனவர்கள் நம் மீனவர்கள். கட்டுமரம் என்ற சொல்லையே ஆங்கிலேயர் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கரை யாருடையது?

"கடற்கரை பொது இடம்தானே, நான் எங்கே வேணும்னாலும் இறங்குவேன், என்னை யார் கேட்பது?" என்று சில இளைஞர்கள் சண்டைக்கு வருவது உண்டு. பொது இடம் என்பது உண்மை. நம்ம ஊர்ச் சாலையும் பொது இடம்தான். அதற்காக நடுச் சாலையில் நெல் காயவைத்தால் பேருந்து எப்படிப் போகும்? எல்லாருக்கும் உரியது என்பதால்தான் அங்கே வரிசை தேவைப்படுகிறது.

ஒரு கடற்கரையில் குறைந்தது நாலு விதமான ஆட்கள் ஒரே தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள், குளிக்கிறவர்கள், பலகை ஓட்டுகிறவர்கள், கால் நனைத்துவிட்டுச் சுண்டல் வாங்கித் தின்கிறவர்கள். இவர்களில் மீனவர்களுக்கு அது தொழிற்கூடம், நமக்கு வயல் எப்படியோ அப்படி. படகு கரையேறும்போது எதிரே பலகையோடு ஒருவர் நின்றால் படகைத் திருப்ப முடியாது. பின்னால் வரும் அலை தூக்கி அடித்துவிடும். கரைவலை இழுக்கும் இடத்தில் பலகையை விட்டால் வலையும் கிழியும், ஆளும் சிக்கிக்கொள்வார். அதனால் பலகையோடு போகிறவர்களுக்கான முதல் விதி, படகுக்கும் வலைக்கும் எப்போதும் வழி விடுவது. இதில் "நான்தான் முதலில் வந்தேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கரை காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் அந்த நாட்களிலும் போய்வரும்.

சட்டப்படியும் கரை யாருக்கும் தனிச் சொத்து ஆகாது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் வந்த 2019-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கரையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று வரையறுக்கிறது. சுற்றுலாவுக்காகத் தற்காலிகக் குடில் போடுவது என்றாலும் உயர் ஓத நீர்க்கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளித்தான் போட வேண்டும், அனுமதியும் வேண்டும். பலகை வாடகைக்கு விடுகிறேன் என்று யாரோ ஒருவர் கயிறு கட்டி "இது எங்க பீச்" என்று சொன்னால், அதைக் கேள்வி கேட்கலாம்.

இன்னொரு குடியிருப்பாளரும் இருக்கிறார். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடும். அந்தக் காலத்தில் இரவு நேரத்தில் கரையில் வண்டி ஓட்டுவது, பளிச்சென்று விளக்கு அடிப்பது, ஆமையைச் சூழ்ந்து நின்று படம் எடுப்பது எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும்.

கொடி சொல்லும் செய்தி

படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி உலகம் முழுவதும் கடற்கரைகளில் கொடி முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் எல்லாக் கரைக்கும் அது இன்னும் வந்துசேரவில்லை. இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்ளலாம்.

மேலே சிவப்பு, கீழே மஞ்சள் உள்ள கொடிகள் இரண்டு இடைவெளி விட்டு நட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே உயிர்காப்பாளர் பார்வையில் குளிக்கலாம். அங்கே கடினமான அலைச்சறுக்குப் பலகையைக் கொண்டுபோகக் கூடாது. கறுப்பும் வெள்ளையும் நாலு கட்டமாக இருக்கும் கொடி, பலகைக்காரர்களுக்கான இடத்தைக் காட்டும். அங்கே குளிக்கிறவர்கள் போகக் கூடாது. மஞ்சள் கொடி தனியாகப் பறந்தால் அலை கொஞ்சம் முரடாக இருக்கிறது, எச்சரிக்கையாக இரு என்று பொருள். சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் இறங்காதே. அதற்கு மேல் பேச்சே இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் கடற்கரையில் மஞ்சள் கொடியில் ஒரு கறுப்புப் பந்து வரைந்திருப்பார்கள். அது ஏறிவிட்டால் அலைச்சறுக்குப் பலகைகள் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும், குளிக்கிறவர்களுக்கு இடம் விட வேண்டும். அலைச்சறுக்குக்குப் பேர்போன ஊரே அது. அந்த ஊரிலேயே நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்ம ஊர் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் இதே ஏற்பாடுதானே.

நம் கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தருகிற சான்று அது. தண்ணீரின் தூய்மை, கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, உயிர்காப்பாளர் என்று 33 அளவுகோல்கள். அதில் ஒன்று, கரையைப் பயன்படுத்தும் பலதரப்பட்டவர்களுக்கிடையே மோதலும் விபத்தும் வராமல் இடம் பிரித்துக் கொடுப்பது. சென்னை மெரினா, கடலூர் சில்வர் பீச், நாகப்பட்டினம் மாவட்டத்துக் காமேஸ்வரம், ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் ஆகிய கரைகளையும் இந்தச் சான்றுக்குத் தயார்படுத்த அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதிகம் போகும் கரைகள் இந்தப் பட்டியலில் இருப்பது நமக்கு நல்ல செய்தி.

அலை மேல் ஐந்து விதிகள்

இப்போது பலகைக்காரர்களுக்குள் இருக்கும் விதிகள். இவை எந்தக் கரைக்குப் போனாலும் செல்லும். கோவளத்துக்கும் இலங்கை அறுகம் குடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒன்றே.

முதல் விதி: ஓர் அலைக்கு ஓர் ஆள். அலை முதலில் உடைகிற இடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவருக்கே முன்னுரிமை. அவர் ஏறிவிட்டால் மற்றவர்கள் அந்த அலையை விட்டுவிட வேண்டும். குறுக்கே புகுந்தால் இரண்டு பலகையும் மோதும். மலைச் சாலையில் மேலே ஏறி வருகிற வண்டிக்குக் கீழே இறங்குகிறவர் வழி விடுகிறாரே, அதுபோல.

இரண்டாம் விதி: உள்ளே போகும்போது சுற்றிப் போ. சறுக்கி வருகிறவரின் நேர் எதிரே துடுப்புப் போட்டுப் போகக் கூடாது. வெள்ளை நுரைப் பக்கமாகவோ, அலை உடையாத ஓரமாகவோ போக வேண்டும்.

மூன்றாம் விதி: பலகையைக் கைவிடாதே. பெரிய அலை வந்தால் பயத்தில் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு முங்கிவிடுகிறோம். அந்தப் பலகை பின்னால் இருப்பவரின் தலையில் போய் அடிக்கும். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு கட்டியிருந்தாலும் ஆபத்துதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பது அடிப் பலகை, ஒன்பது அடிக் கயிறு. உங்களைச் சுற்றிப் பதினெட்டு அடிக்கு அந்தப் பலகை எங்கே வேண்டுமானாலும் பாயலாம். அந்தத் தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது.

நான்காம் விதி: புதியவர் கரையோரத்தில். கற்றுக்கொள்கிறவர்கள் மேற்புறம் மெத்தென்ற நுரைப் பலகையை வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் வெள்ளை நுரை அலையில்தான் பழக வேண்டும். குளிக்கிற கூட்டத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

ஐந்தாம் விதி: தவறு நடந்தால் கேட்டுக்கொள், அடிபட்டவரை விட்டுப் போகாதே. அலை போனால் அடுத்த அலை வரும். அடிபட்டவரைக் கரைக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை.

துடுப்பு வைத்து நின்றுகொண்டே ஓட்டும் பெரிய பலகைக்காரர்களுக்கு ஒரு சொல். உங்களால் தூரத்திலிருந்தே அலையைப் பிடித்துவிட முடியும். அதற்காக எல்லா அலையையும் நீங்களே எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் அண்டா முழுவதையும் காலி செய்வது போல ஆகிவிடும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் காற்றாடி கட்டிப் பலகை ஓட்டுகிறார்கள். அந்தக் கயிறு 20 மீட்டருக்கும் மேல் நீளும். அதன் அடியில் நின்று வேடிக்கை பார்க்கவே கூடாது.

அமைதியான தண்ணீரை நம்பாதீர்கள்

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் கேட்க வேண்டும். பலகை ஓட்டாதவர்களுக்கும் இது பொருந்தும்.

அலை அலையாகக் கரைக்கு வரும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? அது மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, ஓடை மாதிரி கடலுக்குள் ஓடும். இதை இழுப்பு நீரோட்டம் என்கிறோம். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை குறைவாக, தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். நுரையும் குப்பையும் உள்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? "இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இங்கே விடலாம்" என்று அங்கேதான் இறக்குவார்கள். வேகம் கூடினால் அது நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் இழுக்கும். எவ்வளவு நல்ல நீச்சல்காரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. களைத்துப் போய்த்தான் மூழ்குகிறார்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த ஓடையின் அகலம் அதிகம் இருக்காது. அதிலிருந்து விலகிய பிறகு அலையோடு கரைக்கு வரலாம். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். பலகை இருந்தால் அதை விடவே விடாதீர்கள், அதுதான் உங்கள் தெப்பம்.

கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள் பக்கத்தில் இந்த இழுப்பு அடிக்கடி இருக்கும். அங்கே பாறையில் மோதும் ஆபத்தும் உண்டு. படம் எடுப்பதற்காக அதன் மேல் ஏறி நிற்பதையும், அதை ஒட்டிப் பலகை ஓட்டுவதையும் தவிருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தால், எத்தனையாம் எண் என்று ஆராய வேண்டாம். அன்றைக்குக் கடல் பயணம் இல்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளிலும், எங்கோ தொலைவில் அடித்த காற்றால் பெரிய அலை திடீரென்று வந்து ஏறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் வானிலை எச்சரிக்கைகள் தமிழிலேயே கிடைக்கும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பிள்ளை அலைச்சறுக்குக் கற்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். நல்ல இடத்தில் சேர்த்துவிடுங்கள். சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்கள் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் இணைய வழியில் பதிவு செய்துகொள்வதற்கு ஏற்பாடு இருக்கிறது. அதனால் முதல் கேள்வி, "பதிவு இருக்கா?" என்பதுதான். பயிற்சியாளருக்குச் சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தின் சான்றோ, இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பின் அங்கீகாரமோ உண்டா? உயிர்காப்புப் பயிற்சி எடுத்திருக்கிறாரா? ஒரு பயிற்சியாளர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தண்ணீரில் வைத்திருப்பார்? முதலுதவிப் பெட்டி எங்கே? காப்பீடு உண்டா? இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், வாங்க" என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் கரையில், மணல் மேல் பலகையைப் போட்டு எழுந்து நிற்கப் பழக்குவார். உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்பார். கடல் சரியில்லாத நாளில் பணம் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்.

இணையத்தில் காற்றடிக்கும் பலகை வாங்கி நம்ம பக்கத்து ஏரியில் விடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயம், 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் இறக்க முடியாது. கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. ஏரியோ ஆறோ கடலோ, கேட்டுவிட்டு இறங்குவதே முறை.

ஒருவர் மூழ்கினால்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. மூழ்குகிற ஒருவரைக் காப்பாற்றக் குதித்த இரண்டாமவரும், அவரைக் காப்பாற்றக் குதித்த மூன்றாமவரும் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஒரே வீட்டில் மூன்று சாவு.

அதனால் நீச்சல் பயிற்சி இல்லாதவர் குதிக்கவே கூடாது. மிதக்கிற எதையாவது எறியுங்கள்: மூடி போட்ட காலிக் கேன், பந்து, பலகை. கயிறு, வேட்டி, புடவை எதுவானாலும் நீட்டுங்கள். உயிர்காப்பாளரையும் பக்கத்திலிருக்கும் மீனவர்களையும் பலகைக்காரர்களையும் கூவி அழையுங்கள். குளிக்க வந்து சிக்கியவர்களை இவர்கள்தான் பல முறை மீட்டிருக்கிறார்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554.

கரைக்குக் கொண்டுவந்தவரை வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் பயிற்சி பெற்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். பேசுகிற நிலையில் இருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

விதி இல்லாத கரையில் நாம் செய்யக்கூடியது

இப்போது குடிமக்களாகிய நம் வேலைக்கு வருகிறேன். நீங்கள் போன கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இல்லை, பலகை ஓட்டுகிறவர்களும் குளிக்கிறவர்களும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், உயிர்காப்பாளர் இல்லை. பார்த்துவிட்டு "நாடு இப்படித்தான்" என்று வந்துவிடாதீர்கள்.

1100 என்ற எண்ணில் முதலமைச்சரின் உதவி மையத்தை அழைக்கலாம், இணையத்திலும் மனு போடலாம். எந்த மாவட்டத்துக் கடற்கரையானாலும் இங்கிருந்தே போடலாம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. கடற்கரை ஊராட்சி எல்லையில் இருந்தால் அங்கே இருக்கும் உறவினர்கள் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், "இந்தக் கரையில் எத்தனை உயிர்காப்பாளர்கள், எந்த நேரம் வேலை?" என்று கேட்கலாம்.

மனுவில் "பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். குறிப்பாக எழுதுங்கள். எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, என்ன பார்த்தீர்கள், என்ன வேண்டும். உதாரணமாக: குளிக்கும் இடத்துக்கும் பலகை ஓட்டும் இடத்துக்கும் எல்லை குறிக்க வேண்டும். படகு இறங்கும் வழியை இரு பக்கமும் கொடி நட்டுக் காட்ட வேண்டும். இழுப்பு இருக்கும் இடத்தைத் தமிழில் படம் போட்டு எழுதிய பலகை வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தை எழுதி வைக்க வேண்டும். இப்படி நாலு வரி எழுதினால் அதிகாரிக்கும் செய்ய வேண்டியது என்ன என்று தெரியும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்த விதிகளை வகுக்கும்போது மீனவர்களையும் பலகைக்காரர்களையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பதையும் மனுவில் சேருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் போட்ட கோடு, மறுநாள் மணல் நகர்ந்ததும் பயன்படாமல் போகலாம். படகு எங்கே இறங்கும், எந்த மாதத்தில் மணல் திட்டு எங்கே நகரும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். கோவளத்தில் விளையாட்டு வளர்ந்ததற்குக் காரணம், அதைச் சொல்லிக்கொடுத்தவரும் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் அந்த மீனவ ஊரையே சேர்ந்தவர்கள் என்பதுதான்.

மாணவர்களே, ஒரு சின்ன வேலை தருகிறேன். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது வண்டியை நிறுத்தியதும் தண்ணீருக்கு ஓடாதீர்கள். பத்து நிமிடம் மணலில் நில்லுங்கள். கொடி இருக்கிறதா, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் அமைதியாக இருக்கிறது, படகு எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "ஐயா, இன்னைக்கு இறங்கலாமா?"ன்னு கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். கடல் எங்கேயும் போகாது, இன்னொரு நாள் போகலாம்.

பெற்றோர்களே, வேளாங்கண்ணி நடைபயணத்துக்கு வழிகாட்டும் பெரியவர்கள் இங்கே இருந்தால், புறப்படும் முன் குழுவினர் எல்லாருக்கும் இழுப்பு நீரோட்டத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லுங்கள். அந்த நாலு எண்களையும் எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.